கேம்ரியில் எல்க் வேட்டைக்குப் போகலாமா?

கேள்வி: கொலராடோ மாநிலம் அரோராவில் வசிக்கிறேன். வேட்டைப் பயிற்சிச் சான்றிதழும் இந்த ஆண்டுக்கான எல்க் (பெரிய மான் வகை) வேட்டை உரிமமும் கையில் இருக்கின்றன. அக்டோபர் இறுதியில் வரும் துப்பாக்கிப் பருவத்தில் ஃபிளாட் டாப்ஸ் மலைப்பகுதியில் ஐந்து நாள் கூடாரமடித்துத் தங்குவதாக மூன்று பேர் திட்டமிட்டிருந்தோம். பிக்கப் வண்டி வைத்திருந்தவர் முழங்கால் அறுவை சிகிச்சையால் விலகிவிட்டார். மிஞ்சியிருப்பது என்னுடைய 2016ஆம் ஆண்டு டொயோட்டா கேம்ரி மட்டுமே. இதிலேயே போகலாமா, பெரிய வண்டியை வாடகைக்கு எடுக்க வேண்டுமா? பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகிற காரில் இறைச்சி வாடை வரவே கூடாது என்பது என் மனைவியின் நிபந்தனை.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு வணக்கம்.

போகலாம். ஆனால் பிக்கப்பில் போட்டிருந்த அதே திட்டத்தை அப்படியே காருக்கு மாற்றிக்கொண்டு போகக் கூடாது. மேற்குக் கொலராடோவில் பழுதுபார்க்கும் பட்டறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். வேட்டைப் பருவம் தொடங்கியதும் அடிவயிறு கிழிந்த வண்டிகள் வரிசையாக வந்து நிற்கும். அவற்றில் சிறிய கார்களைவிடப் பெரிய வண்டிகளே அதிகம் இருந்தன. நான்கு சக்கர இழுவை இருக்கிறது என்ற தைரியத்தில் அவர்கள் போகக் கூடாத இடம் வரை போயிருப்பார்கள். தன் காரின் எல்லை தெரிந்தவர் அதற்கு முன்பே நிறுத்திவிட்டு நடந்திருப்பார். கார் அங்கே போய்ச் சேருமா என்று நீங்கள் கேட்கிறீர்கள். இரவெல்லாம் பனி பெய்த மறுநாள், நூறு கிலோ கூடுதல் சுமையோடு அது திரும்பி வருமா என்பதைத்தான் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். வழி, நிறுத்துமிடம், மூட்டை முடிச்சு எல்லாவற்றையும் அந்தத் திரும்பும் பயணத்தை வைத்தே தீர்மானியுங்கள்.

உங்கள் காருக்கும் தரைக்கும் இடையே ஏறத்தாழ ஆறு அங்குலம் இருக்கும். அதுவும் காலியாக நிற்கும்போதுதான். இரண்டு ஆட்களும் ஐந்து நாள் சாமானும் ஏறியதும் பின்பக்கம் தாழ்ந்துவிடும். கீழே முதலில் உரசுவது பிளாஸ்டிக் தட்டு. அது கிழிந்தால் பாதகமில்லை, கம்பியால் கட்டிக்கொண்டு வீடு வந்துவிடலாம். அதற்கு மேலே இருக்கிற ஆயில் சம்ப்பில், அதாவது எஞ்சின் எண்ணெய் தேங்கும் தொட்டியில், கல் இடித்தால் பயணம் அங்கேயே முடிந்தது. ஒருமுறை இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்த ஒரு செடானின் சம்ப்பில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. உரிமையாளருக்குச் சத்தம் கேட்டிருக்கிறது, சிவப்பு விளக்கும் எரிந்திருக்கிறது. கூடாரம் இன்னும் சிறிது தூரம்தானே என்று ஓட்டியிருக்கிறார். சம்ப்புக்குச் சில நூறு டாலரோடு முடிந்திருக்க வேண்டிய செலவு, அந்தச் சிறிது தூரத்தில் முழு எஞ்சினாகிவிட்டது. அடியில் பலமாக ஏதாவது இடித்தால் உடனே எஞ்சினை நிறுத்திவிட்டு, கீழே குனிந்து ஒரு நிமிடம் பாருங்கள். கருப்பாகச் சொட்டினால் திரும்பவும் சாவியைத் திருகாதீர்கள். கல்லைக் கடக்கும்போது அதை இரண்டு சக்கரங்களுக்கு நடுவே விடுவதுதான் நம் இயல்பு. தாழ்ந்த காரில் அது தவறு. கல்லின் மேல் டயரையே மெதுவாக ஏற்றி இறக்குங்கள். ஆழமான சக்கரத் தடம் விழுந்த வழியிலும் தடத்துக்குள் இறங்காமல், ஒரு பக்கச் சக்கரத்தை நடுமேட்டிலும் மறுபக்கச் சக்கரத்தை ஓரத்திலும் வைத்து ஓட்ட வேண்டும்.

வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு அமெரிக்க வனத்துறையே உதவி செய்திருக்கிறது. அதன் சாலைகள் ஒன்று முதல் ஐந்து வரை பராமரிப்பு நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. முதல் நிலை மூடப்பட்ட சாலை, இரண்டாம் நிலை உயரமான வண்டிகளுக்கு உரியது, மூன்று முதல் ஐந்து வரை சாதாரணக் கார் போகத்தக்கது. களத்திலும் இதைக் கண்டுகொள்ளலாம். சாலை தொடங்கும் இடத்தில் இருக்கிற பலகையில் எண் கிடைமட்டமாக எழுதப்பட்டிருந்தால் கார் போகத்தக்க சாலை. மெல்லிய கம்பத்தில் எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றால் உங்கள் கார் அதற்குள் திரும்பக் கூடாது. பிக்கப் ஓட்டிகள் பலருக்கே தெரியாத செய்தி இது. எந்தச் சாலை எந்த மாதம் வரை திறந்திருக்கும் என்பதை வனத்துறை இலவசமாகத் தருகிற மோட்டார் வாகன வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அதைக் கைப்பேசியில் முன்கூட்டியே இறக்கி வைப்பது நல்லது, ஏனெனில் மலைக்குள் சமிக்ஞை கிடைக்காது.

மீக்கரிலிருந்து யாம்பா வரை 82 மைல் நீளும் ஃபிளாட் டாப்ஸ் மலைச்சாலைதான் உங்கள் முதுகெலும்பு. அதன் நடுப்பகுதி தார் இல்லாத ஜல்லிச் சாலை. ஆனால் அகலமானது, சீர் செய்யப்பட்டது, காய்ந்திருக்கும்போது கேம்ரி தாராளமாகப் போகும். அதிலிருந்து பிரிந்து டிராப்பர்ஸ் ஏரிக்குப் போகும் கிளைச் சாலையும் அப்படியே. அந்த ஏரிக்கு ஒரு கதை உண்டு. 1919இல் ஆர்தர் கார்ஹார்ட் என்ற வனத்துறை வடிவமைப்பாளரை, ஏரியைச் சுற்றிச் சாலை போடவும் கோடை வீடுகளுக்கு மனை பிரிக்கவும் அளந்து வரும்படி அனுப்பினார்கள். அவர் போய்ப் பார்த்துவிட்டு, இங்கே எதுவும் கட்ட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். அவருடைய பேச்சு எடுபட்டது. ஏரியைச் சூழ்ந்த ஏறத்தாழ 2,35,000 ஏக்கர் நிலம் 1975இல் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வனாந்தரமாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் எந்த மோட்டார் வண்டிக்கும் அனுமதியில்லை. இறைச்சியை இழுத்து வரும் இரண்டு சக்கரக் கைவண்டிக்குக்கூட இல்லை. ஒரு லட்சம் டாலர் பிக்கப்பும் உங்கள் கேம்ரியும் ஒரே இடத்தில்தான் நின்றாக வேண்டும்.

இதனால் வேட்டைக்கு நஷ்டம் என்று நினைக்க வேண்டாம். ஓரிகன் மாநிலத்தின் ஸ்டார்க்கி ஆய்வுக் காட்டில் 1989 முதல் நடந்துவரும் ஆய்வுகள், வண்டிப் போக்குவரத்து உள்ள சாலைகளிலிருந்து எல்க்குகள் விலகிப் போகின்றன என்பதைத் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. மோசமான சாலையில் நான்கு மைல் உள்ளே வண்டியைக் கொண்டுபோகிறவரோடு அந்தச் சத்தமும் நான்கு மைல் உள்ளே போகிறது. நல்ல சாலையோரம் காரை நிறுத்திவிட்டு இருட்டோடு ஒன்றரை மைல் ஏறுகிறவருக்குத்தான் விலங்கு கண்ணில் படும். ஆகவே வண்டியில் மிச்சப்படுத்தும் பணத்தில் ஒரு பகுதியை நல்ல காலணிக்கும் சுமை தூக்கும் சட்டகப் பைக்கும் செலவிடுங்கள்.

சாலையைப் பற்றிய பேச்சில் மண்ணை மறந்துவிடக் கூடாது. நான் முதன்முதலாகச் செடானில் போன ஆண்டு அதிகாலை ஐந்து மணிக்கு ஒரு கிளைச் சாலையில் திரும்பினேன். தரை உறைந்து சிமெண்டுபோல் கெட்டியாக இருந்தது. ஒரு சறுக்கலும் இல்லாமல் மூன்று மைல் போய் நிறுத்தினேன். மதியம் இரண்டு மணிக்குத் திரும்பியபோது வெயிலில் உறைபனி உருகி, அதே சாலை சவர்க்காரக் களிம்பாக இருந்தது. அந்தப் பகுதிக் களிமண் நனைந்தால் டயரின் வரிகளை நிரப்பிக்கொண்டு சக்கரத்தை வழவழப்பான உருளையாக்கிவிடும். இரண்டாவது வளைவில் கார் நான் திருப்பிய பக்கம் திரும்பாமல் பள்ளத்துப் பக்கம் மெதுவாக நகர்ந்தது. ஒரு மரக்கட்டை தடுத்ததால் நின்றது. அப்புறம் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், மேற்கொண்டு முயலாமல் இருந்ததுதான். காரிலேயே தூங்கி, மறுநாள் விடியுமுன் தரை மீண்டும் உறைந்ததும் ஓட்டி வந்துவிட்டேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். மண் சாலையில் வருவதும் போவதும் உறைந்த நேரத்தில் இருக்கட்டும். ‘நனைந்தால் போக முடியாது’ என்று பலகை வைத்திருந்தால் அதை எழுத்துக்கு எழுத்து நம்புங்கள். கூடாரத்தை ஜல்லிச் சாலையை ஒட்டியே அடியுங்கள். கனத்த பனி வரும் என்று முன்னறிவிப்பு சொன்னால் காரை இரவோடிரவாகத் தாழ்வான இடத்துக்கு நகர்த்திவிடுங்கள். மலைச்சாலையின் ரிப்பிள் கிரீக் கணவாய் 10,343 அடி உயரத்தில் இருக்கிறது. அக்டோபர் இறுதியில் அங்கே ஓரிரவில் ஓர் அடி பனி விழுந்தால் உள்ளூர்க்காரர் யாரும் வியப்படைய மாட்டார்.

பனிக்குச் சங்கிலி வேண்டும். உங்கள் கார் முன்சக்கரத்தால் இழுக்கப்படுவதால் சங்கிலியையும் முன்சக்கரங்களில்தான் மாட்ட வேண்டும். பல செடான்களில் டயருக்கும் சக்கர வளைவுக்கும் இடையே விரல் நுழையத்தான் இடம் இருக்கும். தடித்த சங்கிலி பிரேக் குழாயில் உரசிவிடும். எந்த வகை பொருந்தும் என்பதை வண்டியின் கையேட்டில் பார்த்து வாங்கி, வீட்டு வாசலில் இரண்டு முறை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். டயரின் உட்புறத்தில் இருக்கும் அந்தக் கொக்கியைக் கண்ணால் பார்க்க முடியாது, விரலால்தான் தேட வேண்டும். விறைத்த விரலோடு, இருட்டில், சேற்றில் மண்டியிட்டுக்கொண்டு அதை முதல்முறையாகக் கற்றுக்கொள்வது தண்டனை. காட்டுக்கு மட்டுமல்ல, நீங்கள் போகிற நெடுஞ்சாலைக்கும் இது பொருந்தும். ஐ-70 சாலையில் மோரிசன் முதல் டாட்செரோ வரை செப்டம்பர் 1 தொடங்கி மே 31 வரை பனிச்சாலையில் வண்டியின் பிடிமானம் பற்றிய இழுவைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பனிக்கு ஏற்ற டயரின் வரியாழம் ஓர் அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்காவது இருக்க வேண்டும். வழியில் வரும் ஐசனோவர் சுரங்கம் 11,158 அடி உயரத்தில் இருப்பதால், கார் அங்கே மூச்சு வாங்குவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்த உயரத்தில் டர்போ இல்லாத எஞ்சின் தன் பலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழப்பது இயற்கை. மலை ஊர்களில் சாதாரண பெட்ரோல் என்று 85 ஆக்டேன் விற்பார்கள். உங்கள் கையேடு கேட்பது 87. அதையே போட்டு, மீக்கரில் டேங்கை நிரப்பிக்கொண்டு ஏறுங்கள்.

டயர் விஷயத்தில் ஒன்றே ஒன்றை வலியுறுத்துகிறேன். டிக்கியின் தரையைத் தூக்கி ஸ்டெப்னியைப் பாருங்கள். சைக்கிள் டயரைவிடச் சற்றே தடித்த தற்காலிகச் சக்கரம் இருந்தால், அது மணிக்கு 50 மைலுக்கு மேல் போகாத, தார்ச்சாலைக்கான ஏற்பாடு. கூரிய ஜல்லியில் சுமையோடு அதை நம்ப முடியாது. பழைய பொருள் விற்கும் இடத்தில் உங்கள் அளவுக்கு ஒரு முழுச் சக்கரம் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். அதோடு பஞ்சர் குச்சிகளும் சிகரெட் லைட்டரில் ஓடும் சிறிய காற்றடிப்பானும் மண்வெட்டியும் வேண்டும். காரை இழுக்க மாட்டுகிற கொக்கி பெரும்பாலும் ஜாக்கிப் பையில் தனியாகக் கிடக்கும்; பம்பரில் அதற்கான மூடி எங்கே என்று இன்றைக்கே கண்டுபிடித்து வையுங்கள்.

இனி சுமை. உங்கள் கேள்வியில் இல்லாவிட்டாலும் முக்கியமான பகுதி இதுதான். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஓர் ஒட்டுத்தாள் இருக்கும்; ஆட்களும் சாமானும் சேர்ந்து இவ்வளவு எடையைத் தாண்டக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். நடுத்தர செடான்களில் அது 400 கிலோ அளவில் வரும். குளிருடை, காலணியோடு இரண்டு பேர் 170 கிலோ. கூடாரம், படுக்கை, உணவு, தண்ணீர், துப்பாக்கி, கருவிகள் 100 கிலோ. மீதம் 130. எல்க் என்பது நம் ஊர்க் கடமானுக்குச் சொந்தம்தான் என்றாலும் உருவம் வேறு. வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும், பெண் 225 கிலோ அளவில் இருக்கும். எலும்பு நீக்கிய ஆணின் இறைச்சி மட்டும் 80 முதல் 110 கிலோ வரை தேறும், ஐஸ் 20 கிலோ. கணக்கு சரியாக வந்து நிற்கிறது. மூன்றாமவர் வந்திருந்தால் இந்தக் கார் தாங்கியிருக்காது. இருவர் என்றால் ஒரு விலங்குதான். இரண்டு உரிமம் இருந்தாலும் முதல் விலங்கு விழுந்ததும் மற்றவர் துப்பாக்கியை வைத்துவிட்டுச் சுமக்க வர வேண்டும். ஆளுக்கு 25 கிலோ என்றாலும் இருவரும் இரண்டு நடை போக வேண்டியிருக்கும் என்பதால், காரிலிருந்து இரண்டு மைலுக்கு மேல் இருக்கிற விலங்கைச் சுடாதீர்கள். சுட்டதைக் காட்டில் விட்டு வருவது இங்கே சட்டப்படி குற்றம்.

எலும்பு நீக்குவதை அங்கேயே செய்துவிடுங்கள். இறைச்சியைச் சூடு ஆறாமல் பிளாஸ்டிக் பையில் திணித்தால் கெட்டுவிடும். பருத்திப் பையில் போட்டு மர நிழலில் ஓர் இரவு தொங்கவிட்டால் அக்டோபர் குளிரே அதைக் குளிர்விக்கும். விலங்கு ஆணா பெண்ணா என்று காட்டும் பகுதி இறைச்சித் துண்டோடு இயல்பாக ஒட்டியிருக்க வேண்டும் என்பது கொலராடோ விதி. அதை வெட்டும்போதே நினைவில் வையுங்கள். ஐஸ் பெட்டி வாங்கப் போகும்போது டிக்கியின் கொள்ளளவைப் பார்க்காமல் அதன் வாயை அளந்துகொண்டு போங்கள். நூறு குவார்ட் (ஏறத்தாழ 95 லிட்டர்) பெட்டி உள்ளே தாராளமாக இருக்கும், ஆனால் வாய் வழியாக நுழையாது. ஐம்பது, அறுபது குவார்ட்டில் நான்கு சிறிய பெட்டிகளே நல்லது. நான்கையும் டிக்கியில் வைத்தால் பின்பக்கம் அழுந்தி முன்பக்கம் தூக்கும். இழுக்கிற சக்கரம் முன்னால் இருப்பதால் ஏற்றத்தில் அது சும்மா சுழலும். இறைச்சி நிறைந்த இரண்டு பெட்டிகளைப் பின்னிருக்கையின் கால் வைக்கும் இடத்தில் முன்னிருக்கைகளை ஒட்டி இறக்கி, மீதியை டிக்கியில் வைத்து, இலேசான படுக்கைகளை மேலே போடுங்கள். ஆறு கிளைக் கொம்பு கிடைத்துவிட்டால் அது காருக்குள் அடங்காது. கூரைக் குறுக்குக் கம்பியில் முனைகள் பின்னோக்கி இருக்கும்படி இறுக்கிக் கட்டுங்கள்.

காருக்கும் துப்பாக்கிக்கும் உள்ள சட்டத்தில் இரண்டு வரிகளை மறக்கவே கூடாது. வண்டிக்குள்ளோ மேலேயோ இருக்கும் துப்பாக்கியின் அறைக்குள் தோட்டா இருக்கக் கூடாது. பொதுச் சாலையின் நடுக்கோட்டிலிருந்து 50 அடியாவது தள்ளி நின்ற பிறகே சுடலாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் வளர்ந்த நமக்கு இங்கே வேட்டை சட்டபூர்வமாக இருப்பதே வியப்பு. அந்த வியப்பில், எல்லாம் இங்கே தாராளம் என்று எண்ணிவிடக் கூடாது. தற்காலிகப் பணி விசாவில் இருக்கும் மற்ற வாசகர்களுக்கும் ஒரு சொல்: அத்தகையவர் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் அதற்கு ஒரு விலக்கு. வழக்கறிஞரிடம் கேட்காமல் அந்த விலக்கை நம்பிப் புறப்பட வேண்டாம்.

வாடகை வண்டியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒப்பந்தத்தின் சிறிய எழுத்தைப் படியுங்கள். தார் போடாத சாலையில் ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று பலவற்றில் இருக்கும். அப்படியானால் நீங்கள் பெரிய வண்டிக்குப் பணம் கொடுத்துவிட்டு, கேம்ரியைவிட அதிகப் பயத்தோடு அதே சாலையில் ஓட்டுவீர்கள். உங்கள் சொந்தக் காரின் சாலை உதவித் திட்டமும் பராமரிக்கப்படாத சாலைக்குள் வராமல் போகலாம். அழைத்துக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எனினும், புறப்படுவதற்கு முந்தின நாள் முன்னறிவிப்பில் பெரும்பனி தெரிந்தால், அனுமதி தருகிற வாடகை வண்டியைத் தேடுங்கள், அல்லது பயணத்தைப் பருவத்தின் பிற்பகுதிக்குத் தள்ளுங்கள்.

நிறுத்தும்போது காரின் மூக்கு வெளியே போகிற பக்கம் பார்த்திருக்கட்டும். காய்ந்த புல்லின் மேல் நிறுத்த வேண்டாம், சைலன்சர் குழாயின் சூட்டில் தீப்பிடிக்கும். இரண்டாவது சாவி நண்பரின் பையில் இருக்க வேண்டும். எந்தச் சாலையில், எந்த நாள் வரை இருப்பீர்கள் என்பதை எழுதி உங்கள் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். திரும்பும்போது மீக்கரிலிருந்து ரைஃபிள் வரையிலான சாலையை இருட்டில் கடக்காதீர்கள். மான்கள் குறுக்கே வரும் இடம். உயரமான பிக்கப்பில் எல்க் மோதினால் முன்பக்கம் நசுங்கும். தாழ்ந்த செடானில் அதன் கால்கள் இடிபட்டு உடல் நேராகக் கண்ணாடிக்கு வரும்.

கடைசியாக உங்கள் மனைவியின் நிபந்தனை. வாடை வருவது இறைச்சியிலிருந்து அல்ல, கசிந்து கம்பளத்துக்கு அடியில் போய்விடும் இரத்தத் தண்ணீரிலிருந்து. ஆகவே ஐஸைத் தளர்வாகக் கொட்டாமல், தண்ணீர் நிரப்பி உறைய வைத்த பால் கேன்களைப் பயன்படுத்துங்கள். உருகினாலும் தண்ணீர் கேனுக்குள்ளேயே இருக்கும். பெட்டிகளின் வடிகால் மூடியை ஊரிலேயே சோதித்துப் பாருங்கள். பின்னிருக்கையையும் டிக்கியையும் தனித்தனித் தார்ப்பாயால், ஓரங்கள் ஒரு சாண் மேலே மடிந்து நிற்கும்படி மூடுங்கள். அந்த மடிப்புதான் சிந்தியதைத் தடுத்து நிறுத்தும். இரத்தம் பட்ட உடைகளையும் காலணிகளையும் மூடியுள்ள வாளியில் போட்டுக் கொண்டுவாருங்கள். எல்லாவற்றையும் மீறித் துணியில் இரத்தம் பட்டுவிட்டால், வெந்நீர் ஊற்றிவிடாதீர்கள், கறை அங்கேயே பிடித்துக்கொள்ளும். குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் ஒற்றி ஒற்றி எடுத்துவிட்டு, சமையல் சோடாவைத் தூவி, மறுநாள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகுமுன் உறிஞ்சு இயந்திரத்தால் எடுத்துவிடுங்கள்.